பிள்ளை எழுதிய ஐந்து வரி



பள்ளிக்கூடம் திறக்கும் காலம் வந்துவிட்டது. 2022 தொடங்கிச் சில ஆண்டுகள் மார்ச் என்றும் பிப்ரவரி என்றும் தள்ளிப் போயிருந்த பள்ளித் தவணை, 2026-இல் மீண்டும் ஜனவரிக்கே திரும்பியது. பொங்கலுக்குப் புதுப்பானையும் பிள்ளைக்குப் புதுப்பையும் ஒரே மாதச் சம்பளத்தில் வாங்க வேண்டிய நெருக்கடியும் பழையபடி வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வீடு சட்டைக்குப் பொத்தான் தைப்பதும், புத்தகத்துக்கு அட்டை போடுவதுமாக இருக்கிறோம். "இந்த வருஷமாவது நன்றாகப் படி" என்று பிள்ளைகளுக்குச் சொல்லாத தாயும் இருக்க மாட்டார்.

இந்த நேரத்தில் ஒரு சகோதரியின் கடிதத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். இவர் உதிரிப் பழம் பொறுக்குகிறார். பதின்மூன்று வயதில் ஒரு மகன், அவனுக்குக் கீழே ஒரு மகள். மகனுக்கு ஆட்டிசம் இருப்பதாக ஐந்து வயதிலேயே அரசாங்க மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் படித்து முடித்திருக்கிறான். இந்த ஆண்டு பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்புக்குப் போகிறான்.

"அதிகம் பேச மாட்டான், ஆனால் தோட்டத்துக்குள் வரும் லாரிகளின் நம்பர் எல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆண்டு முடிவில் ஆசிரியை எல்லாப் பிள்ளைகளையும் புதிய ஆண்டின் இலட்சியங்களை எழுதச் சொன்னார். இவன் ஐந்து வரி எழுதிக் கொண்டு வந்தான்" என்கிறார் அந்தச் சகோதரி. அந்த ஐந்து வரி இதுதான்:

1. பஸ்ஸில் அம்மா இல்லாமல் போவேன்.
2. சிற்றுண்டிச்சாலையில் நானே மீ வாங்குவேன்.
3. சத்தம் வந்தால் ஓட மாட்டேன். சொல்வேன்.
4. லாரி பேச ஒரு கூட்டாளி வேண்டும்.
5. அம்மா "கண்ணைப் பார்" என்று சொல்லக் கூடாது.

"மற்ற பிள்ளைகள் டாக்டராவேன், வழக்கறிஞராவேன் என்று எழுதியிருக்கிறார்கள். இவன் மீ வாங்குவதை இலட்சியம் என்று எழுதியிருக்கிறான். உறவுக்காரர்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள். எனக்கு அவமானமாகப் போயிற்று. நானே நல்லதாக ஐந்து எழுதிக் கொடுத்துவிடலாமா? கொடுத்தால் அப்படியே பார்த்து எழுதிவிடுவான். எங்கள் காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தால் இராத்திரியில் தூக்கம் வருவதில்லை" என்று கடிதம் முடிகிறது.

சகோதரி, அந்தத் தாளை மாற்ற வேண்டாம். அதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த வேண்டாம். நீங்கள் கடைசி வரியில் கேட்ட கேள்விக்கு வழி காட்டுவதே அந்த ஐந்து வரிதான். எப்படி என்று பார்ப்போம்.

ஆட்டிசம் என்பது என்ன?

முதலில் மற்ற வாசகர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மதியிறுக்கம் என்றும் தமிழில் எழுதுகிறார்களே, அது மூளையின் வளர்ச்சி பிறவியிலேயே வேறு விதமாக அமைவது. தொற்று நோயும் அல்ல, பைத்தியமும் அல்ல. மருந்து கொடுத்துப் போக்கும் வியாதியும் அல்ல. பேச்சு, பழக்கவழக்கம், மற்றவர் மனத்தைக் குறிப்பால் அறிவது ஆகியவை இவர்களுக்கு வேறு மாதிரி இருக்கும். ஒளி, ஒலி, மணம், துணியின் உரசல் முதலியவை நம்மைவிடப் பல மடங்கு உறைக்கும். சிலருக்கோ உறைக்கவே உறைக்காது. அன்றாட ஒழுங்கு மாறினால் கலங்கிப் போவார்கள். பிடித்த ஒன்றில் மனம் ஆழ்ந்துவிட்டால் அதன் அடிமட்டம் வரை போவார்கள். உங்கள் மகனுக்கு லாரி நம்பர் அப்படித்தான்.

1943-இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்னும் மருத்துவர் 11 பிள்ளைகளைக் கவனித்து எழுதினார். மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்பவர் எழுதினார். அதன் பிறகுதான் உலகம் இதைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கியது. இடையில் ஒரு கொடுமையும் நடந்தது. தாயின் பாசம் போதாததால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்று 1950-களிலும் 60-களிலும் படித்தவர்களே சொன்னார்கள். எத்தனையோ தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்னும் அறிஞர், தாமும் அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவர், 1964-இல் ஒரு நூலே எழுதி அதை மறுத்தார். அந்தப் பழி அறிவுலகில் பொய்யென்று ஆகி நெடுநாளாயிற்று. நம் லயத்துப் பக்கம் மட்டும் இன்னும் "வயிற்றில் இருக்கும்போது அம்மா என்னத்தைப் பார்த்துப் பயந்தாளோ" என்று பேசுகிறோம். இனிமேல் பேச வேண்டாம்.

மற்றொன்றும் சொல்லிவிடுவோம். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறினால் காற்றுச் சேட்டை என்று வேப்பிலை அடிப்பதும், மிளகாய்ப் புகை போடுவதும் சில இடங்களில் நடக்கிறது. கோயிலுக்குப் போங்கள், உங்கள் மனத்துக்கு ஆறுதல் கிடைக்கும். ஆனால் பிள்ளையின் உடம்பில் யாரும் கை வைக்க விடாதீர்கள். சத்தம் தாங்காமல் கதறுகிற பிள்ளையை அடித்தால் வலி இரண்டாகும்.

டாக்டரை விட மீ ஏன் நல்ல இலட்சியம்?

"நன்றாகப் படிப்பேன்", "நல்ல பிள்ளையாக இருப்பேன்" என்று எழுதினால் அது நிறைவேறியதா என்பதை எப்போது, எப்படித் தெரிந்து கொள்வது? யாருக்கும் தெரியாது. "நானே மீ வாங்குவேன்" என்பது அப்படியல்ல. ஒரு நாள் ஓய்வு நேரத்தில் அவன் கையில் தட்டு இருக்கும், அல்லது இருக்காது. செய்து முடித்தது அவன் கண்ணுக்கே தெரியும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இப்படிக் கண்ணால் காணக் கூடிய, கையால் தொடக் கூடிய இலக்குதான் பிடிபடும்.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. அந்த ஐந்தும் அவனுடையவை. நாம் எழுதிக் கொடுத்தால் பார்த்து எழுதுவான், சரி. பார்த்து எழுதியதற்காக எவன் பாடுபடுவான்? தன் கஷ்டம் எது என்று தானே கண்டுபிடித்து, அதை ஐந்து வரியில் எழுதிய பிள்ளையைப் பார்த்தா சிரிப்பது? நம்மில் எத்தனை பேருக்கு நம் கஷ்டம் எது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரியும்?

இனி ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்வோம்.

பஸ்

இதை ஒரே நாளில் செய்ய முடியாது. படியாகப் பிரிக்க வேண்டும். பள்ளி திறக்கும் முன்பே இரண்டு மூன்று தடவை அதே வழியில் அவனோடு போய் வாருங்கள். எந்த இடத்தில் ஏறுவது, எந்தக் கடை தெரிந்ததும் எழுந்து நிற்பது என்று ஒரு தாளில் வரிசையாகப் படம் போட்டுக் கொடுங்கள். பிறகு பக்கத்து இருக்கையில் உட்காராமல் நான்கு இருக்கை தள்ளி உட்காருங்கள். அதற்கடுத்து அவன் ஏறிப் போகட்டும். நீங்களோ கணவரோ மோட்டார் சைக்கிளில் பின்னால் போய்ப் பள்ளி வாசலில் நில்லுங்கள். கடைசியில்தான் தனியாக. ஒவ்வொரு படியிலும் அவன் நிம்மதியாக இருந்தால் மட்டுமே அடுத்த படி.

அவனுடைய பெயர், உங்கள் தொலைபேசி எண், "எனக்கு ஆட்டிசம் இருக்கிறது" என்னும் வாசகம் ஆகியவற்றை மலாயில் ஒரு சிறிய அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். ஓட்டுநரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பஸ் வராத நாளில் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பழக்க வேண்டும். ஒழுங்கு கெடும் நாள்தான் இந்தப் பிள்ளைகளுக்குச் சோதனை நாள்.

ஒன்றை மறக்க வேண்டாம். தங்கையும் அதே பஸ்ஸில் போவதாக இருந்தால் அவளைக் காவலுக்கு வைக்காதீர்கள். அவளும் ஒரு குழந்தை. அண்ணன்மேல் அவளுக்கு இருக்கும் பாசம், பொறுப்பின் பாரம் தாங்காமல் வெறுப்பாக மாறிவிடக் கூடாது.

மீ

வரிசையில் நிற்பது, முட்டி மோதுகிற கூட்டம், எண்ணெய்ப் புகை, தட்டுச் சத்தம், "என்ன வேணும், சீக்கிரம்" என்னும் அதட்டல், காசு எண்ணுவது, மீதி வாங்குவது, உட்கார இடம் தேடுவது. மீ வாங்குவதில் இத்தனை வேலை அடங்கியிருக்கிறது. நமக்கு ஒன்றாகத் தெரிவது அவனுக்கு எட்டு.

வீட்டில் தொடங்குங்கள். நீல நோட்டு ஒரு ரிங்கிட், பச்சை நோட்டு ஐந்து ரிங்கிட், சிவப்பு நோட்டு பத்து ரிங்கிட் என்று நிறத்தோடு பழக்கலாம். சமையலறையில் நீங்கள் கடைக்காரம்மா, அவன் வாடிக்கைக்காரன். அதன் பிறகு கூட்டம் இல்லாத நேரத்தில் தோட்டத்துக் கடையில் ஒரு ரொட்டி. பள்ளியில் மலாயில்தான் கேட்க வேண்டும் என்பதால், "காக், மீ கோரெங் சத்து" என்னும் வாசகத்தையும் அப்படியே பழக்கிவிடுங்கள். முதல் சில வாரங்களுக்கு மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னதாக அவனைச் சிற்றுண்டிச்சாலைக்கு அனுப்பும்படி ஆசிரியரைக் கேட்டுக் கொள்ளலாம். இது சலுகை அல்ல; மூக்குக் கண்ணாடி போட்டுக் கொள்வதைப் போன்ற உதவி.

சத்தம்

ஐந்திலும் எங்களை வியக்க வைத்தது இந்த மூன்றாவது வரிதான். "சத்தத்துக்குப் பயப்பட மாட்டேன்" என்று அவன் எழுதவில்லை. "சொல்வேன்" என்று எழுதியிருக்கிறான். காது வலிப்பதை அவனால் நிறுத்த முடியாது. வலிக்கிறது என்று சொல்ல முடியும். எது தன் கையில் இருக்கிறது, எது இல்லை என்று அந்தப் பிள்ளை பிரித்து வைத்திருக்கிறான்.

சபைகூடலில் ஒலிபெருக்கி, மணி, நாற்காலி இழுக்கும் சத்தம். இவை ஒன்றுசேரும்போது சில பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், சிலர் தலையைச் சுவரில் இடித்துக் கொள்வார்கள். பார்ப்பவர்கள் அடம் என்கிறார்கள். அடம் பிடிக்கும் பிள்ளை, கேட்டது கிடைத்ததும் நிறுத்திவிடும். இது பாத்திரம் நிரம்பி வழிவதைப் போன்றது. வழிந்து முடியும் வரை நிற்காது. அந்த நேரத்தில் புத்தி சொல்வதில் பயனில்லை. சத்தமும் வெளிச்சமும் குறைந்த இடத்துக்கு அழைத்துப் போய்ப் பேசாமல் பக்கத்தில் இருப்பதே உதவி.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, கவனியுங்கள். இதுவரை தமிழ்ப்பள்ளியில் "டீச்சர், காது வலிக்குது" என்று தமிழில் சொன்ன பிள்ளை, இனி மலாயில் சொல்ல வேண்டும். கலங்கி நிற்கும்போது தாய்மொழியே வாயில் வராது; மலாய் எப்படி வரும்? ஆகையால் ஒரே ஒரு வாசகத்தை மனம் அமைதியாக இருக்கும் நேரத்தில் தினமும் பழக்குங்கள்: "சீகு, பீசிங். சாயா நாக் கெலுவார் செகெஜாப்." சத்தமாக இருக்கிறது, சற்று வெளியே போக வேண்டும் என்பது பொருள். அதே வாசகத்தை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தால், வாய் வராத நாளில் அட்டையை நீட்டிவிடுவான். சிறப்புக் கல்வி வகுப்பில் ஆசிரியரோடு மாணவர்களைக் கவனித்துக் கொள்ளும் உதவியாளரும் இருப்பார். அந்த அட்டை எதற்கென்று இருவருக்கும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

உடுப்பும் இதில் சேரும். ஆரம்பப் பள்ளியின் கருநீலக் காற்சட்டை போய் இடைநிலைப்பள்ளியின் பச்சை நீளக் காற்சட்டை வருகிறது. புதுத்துணியின் முறுக்கும், கழுத்துப் பட்டியில் இருக்கும் சின்னத் துண்டும் சில பிள்ளைகளுக்கு முள் குத்துவது போல இருக்கும். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, நான்கைந்து முறை துவைத்து, பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் சிறிது நேரம் போட்டுப் பழகட்டும்.

கூட்டாளி

ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் தனிமைதான் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் மகனின் நான்காவது வரி அதற்குப் பதில். கூட்டாளி வேண்டும், ஆனால் எப்படிச் சேர்வது என்பது தெரியவில்லை.

"எல்லாரோடும் போய்ப் பழகு" என்று தள்ளிவிடாதீர்கள். ஒருவன் போதும். லாரியோ பஸ்ஸோ ரயிலோ பிடித்த ஒரு பையன் அந்தப் பள்ளியில் நிச்சயம் இருப்பான். அப்படி ஒருவனைக் கண்டுபிடித்துத் தரும்படி ஆசிரியரைக் கேளுங்கள். இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் படம் பார்த்தாலும் அது நட்புதான். நட்பு என்று சொல்லி ஏய்ப்பவர்களும் உண்டு. காசு கேட்பவன், தின்பண்டத்தைப் பிடுங்குபவன், சிரிப்பதற்காகக் கெட்ட வார்த்தை சொல்லச் சொல்பவன் கூட்டாளி அல்ல என்பதைச் சுற்றி வளைக்காமல் நேராகச் சொல்லிக் கொடுங்கள். குறிப்பாகச் சொன்னால் இவர்களுக்குப் புரியாது.

பிடித்த விஷயத்தை அற்பமென்று நினைக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்னும் அம்மையார் இருக்கிறார். 1947-இல் பிறந்தவர். மூன்றரை வயது வரை பேச்சே வரவில்லை. கேலி தாங்காமல் ஒரு மாணவிமேல் புத்தகத்தை வீசியதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். பதின்ம வயதில் அவருக்கு ஆறுதல் தந்தவை குதிரைக் கொட்டடியும், அத்தையின் பண்ணையில் இருந்த மாடுகளும்தான். மாடு எதைக் கண்டு மிரளும் என்று கவனித்துக் கவனித்து, அவை மிரளாமல் நடந்து போகும் கொட்டடி அமைப்புகளை வரைந்தார். பின்னாளில் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். எல்லாப் பிள்ளைகளும் இப்படி ஆகிவிடுவார்கள் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். பெரும்பாலோர் ஆக மாட்டார்கள். ஆனால் பிள்ளைக்குப் பிடித்ததன் வழியாகத்தான் அவனுக்குள் நுழைய முடியும் என்பது எல்லாருக்கும் பொருந்தும். லாரி நம்பரில் கூட்டல் கழித்தல் சொல்லித் தர முடியாதா?

கண்ணைப் பார்

சகோதரி, இந்த ஐந்தாவது வரி உங்களுக்கு எழுதியது. இதைப் படித்து நீங்கள் மனம் நொந்திருப்பீர்கள். நோக வேண்டாம். பேசும்போது கண்ணைப் பார்க்கப் பழக்கினால் பிள்ளை தேறுவான் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவன் நன்மைக்காகத்தான் சொன்னீர்கள். ஆனால் ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களான பலர் எழுதி வைத்திருக்கிறார்கள்: கண்ணைப் பார்த்தால் காது கேட்பது நின்றுவிடுகிறது, இரண்டையும் சேர்த்துச் செய்ய முடிவதில்லை என்று. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் நீங்கள் சொல்வதை முழுவதுமாகக் கேட்கிறான் போலும்.

யோசித்துப் பாருங்கள். பெரியவர்கள் பேசும்போது நிமிர்ந்து முறைக்காதே என்று சொல்லித்தானே நம் வீடுகளில் வளர்த்தார்கள்? குனிந்த தலையை அன்று மரியாதை என்றோம். இந்தப் பிள்ளையிடம் மட்டும் குறை என்போமா? "நான் சொன்னது கேட்டதா?" என்று கேளுங்கள். "கேட்டது" என்றால் போதும். இந்த ஓர் இலட்சியத்தை நீங்கள் இன்றைக்கே நிறைவேற்றிவிடலாம். பள்ளி திறக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆறாவதாக ஒன்று

அந்தத் தாளில் இல்லாத ஒன்றை, அவனிடம் கேட்டுவிட்டுச் சேர்க்கச் சொல்வோம். பதின்மூன்று வயது என்பது உடம்பு மாறும் வயது. எந்த உறுப்புகளைப் பிறர் தொடக் கூடாது, எதைக் குளியலறையில் அல்லது தன் அறையில் மட்டுமே செய்யலாம், யாராவது தொட்டால் யாரிடம் சொல்வது என்பதைத் தந்தையார் படம் போட்டு, உறுப்புக்கு உரிய பெயரைச் சொல்லியே விளக்க வேண்டும். பெண்பிள்ளையாக இருந்தால் வயதுக்கு வருமுன்பே பஞ்சுத் துணி வைத்துக் கொள்வதைத் தாய் பழக்க வேண்டும். கூச்சப்பட்டுத் தள்ளிப் போட்டால், அதைக் கெட்டவன் ஒருவன் பயன்படுத்திக் கொள்வான்.

பள்ளியிடம் என்ன கேட்கலாம்?

சிறப்புக் கல்வி வகுப்பில் ஒவ்வொரு மாணவனுக்கும் ஆர்.பி.ஐ. என்னும் தனிநபர் கல்வித் திட்டம் எழுதுவார்கள். அவன் இந்த ஆண்டு எதைக் கற்க வேண்டும் என்பது அதில் இருக்கும். பெற்றோரும் கலந்து பேசி எழுத வேண்டிய திட்டம் அது. "எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். மகன் எழுதிய தாளைக் கொண்டு போய் மேசைமேல் வையுங்கள். மலாயில் மொழிபெயர்த்து வைத்துக் கொள்வது நல்லது. "இவற்றில் இரண்டையாவது இந்தத் திட்டத்தில் சேர்க்க முடியுமா, சீகு?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல ஆசிரியர் மகிழ்ச்சியோடு சேர்த்துக் கொள்வார்.

ஓ.கே.யூ. கார்டு எடுக்காதவர்கள் உடனே எடுத்துவிடுங்கள். மருத்துவரின் சான்றோடு சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் பாதுகாப்பு இவர்களுக்கும் உண்டு. கார்டு எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள், பின்னால் தங்கைக்குக் கல்யாணம் ஆகாது என்று ஒளித்து வைக்கும் குடும்பங்கள் உண்டு. ஒளித்து வைத்தால் நட்டம் பிள்ளைக்குத்தான். சிறப்புக் கல்வி மாணவர்களுக்குக் கல்வி அமைச்சு மாதம் 150 ரிங்கிட் உதவித் தொகை வழங்கி வருகிறது, பள்ளியில் விசாரியுங்கள். எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்னும் கொள்கை 2019 முதல் நடப்பில் உள்ளது. நாசோம் எனப்படும் தேசிய ஆட்டிசக் கழகம் 1987-இல் பதிவு பெற்றது. பள்ளிக்குப் போக முடியாதவர்களுக்கும், பள்ளி வயது கடந்தவர்களுக்கும் பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. 1984-இல் திரங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம் இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது.

எழுதத் தெரியாத பிள்ளை என்றால்?

இதைப் படிக்கும் வேறொரு தாய், "என் பிள்ளைக்குப் பேச்சே இல்லை, இலட்சியத்தை எங்கே போய்க் கேட்பது?" என்று பெருமூச்சு விடலாம். அம்மா, பேச்சு இல்லாத பிள்ளைக்கும் விருப்பம் இருக்கிறது. எதைக் கண்டால் முகம் மலர்கிறது, எந்த இடத்தில் கையை உதறிக்கொண்டு பின்வாங்குகிறது என்று ஒரு வாரம் கவனித்து எழுதி வையுங்கள். அதுவே அதன் கடிதம். பஸ், சோறு, கழிவறை, வீடு என்று நான்கு படங்களை ஒட்டி வைத்து, எதை முதலில் கற்கலாம் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். கழிவறைக்குப் போக வேண்டும் என்று படத்தைத் தொட்டுக் காட்டக் கற்றுக் கொண்டால், அந்த ஆண்டுக்கு அதுவே பெரிய வெற்றி.

எங்களுக்குப் பிறகு யார்?

சகோதரி, இந்தக் கேள்வியை ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்ற எல்லாருமே கேட்கிறார்கள். இதற்கு முழுப் பதில் எங்களிடமும் இல்லை. ஆனால் தனியாகப் பஸ் ஏறத் தெரிந்தவன், காசு கொடுத்துச் சாப்பாடு வாங்கத் தெரிந்தவன், வலிக்கிறது என்று அந்நியரிடம் சொல்லத் தெரிந்தவன், தன்னைத் தேடி வர ஒரு கூட்டாளி உள்ளவன். இப்படி ஒருவனைப் பிறர் பார்த்துக் கொள்வது எளிது. தொழிற்பயிற்சிக்குப் போகலாம், ஷா ஆலமில் சிறப்புக் கல்விக்கான தொழிற்பள்ளி இருக்கிறது. சிறு வேலைக்கும் போகலாம். எஸ்.பி.எம். எழுதும் நிலைக்கு வந்தால், கூடுதல் நேரம் போன்ற வசதிகளைப் பள்ளி மூலம் கேட்கலாம். இவை பிறகு வருபவை. மருத்துவப் பட்டம் பெற்றும் ஒரு தட்டுச் சோறு தானே வாங்கத் தெரியாதவனாக இருந்தால், நீங்கள் நிம்மதியாகக் கண்ணை மூட முடியுமா?

ஐந்தையும் ஒரே மாதத்தில் தொடங்க வேண்டாம். முதலில் எது என்று அவனையே கேளுங்கள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி, நாட்காட்டியை அதன் பக்கத்தில் மாட்டுங்கள். முடிந்த நாளில் அவனே ஒரு கோடு போடட்டும். காய்ச்சலுக்குப் பிறகும், நீண்ட விடுமுறைக்குப் பிறகும் கற்றது பின்வாங்கும், அப்போது "போன மாதம் செய்தாயே, இப்போது என்ன வந்தது?" என்று கேட்காமல் ஒரு படி கீழே இறங்கி மறுபடி தொடங்குங்கள். ஆண்டு முடிவில் இரண்டு நிறைவேறியிருந்தாலும் அது நல்ல ஆண்டுதான். மீதி மூன்று அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

உறவுக்காரர்கள் மறுபடி சிரித்தால் அந்தத் தாளை மடித்து மறைக்காதீர்கள். "என் மகன் எழுதியது" என்று சொல்லுங்கள்.

மற்றத் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் லயத்திலோ தாமானிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் அந்தத் தாயிடம் ஐந்து நிமிடம் நின்று பேசுங்கள். உங்கள் பிள்ளை அதே பஸ்ஸில் போகிறவனாக இருந்தால், "அந்த அண்ணன் பக்கத்தில் உட்கார், லாரி நம்பர் கேள்" என்று சொல்லி அனுப்புங்கள். அதற்குக் காசு ஒன்றும் செலவாகாது.